வேலையை விட்ட பின் வரவேண்டிய பணம்: நீலகிரியில் வேலை செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

“அடுத்த சம்பளத் தேதிக்கு வந்து பாருங்கள்.” தேயிலைத் தொழிற்சாலையானாலும் ஊட்டித் தங்கும் விடுதியானாலும், வேலையை விட்டவர் கணக்குக் கேட்டுப் போனால் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். அந்தத் தேதியில் போனால் மேனேஜர் கோயம்புத்தூர் போயிருப்பார். அதற்கடுத்த முறை தலைமை அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வந்திருக்காது. பந்தலூரிலிருந்தும் சேரம்பாடியிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விழுங்கிவிடும். சில நடைகளுக்குப் பிறகு பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்பட்ட பணம் இந்த மலையில் ஏராளம்.

சட்டம் அடுத்த சம்பளத் தேதியைப் பற்றிப் பேசவே இல்லை. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவின்படி, நீங்களாக ராஜினாமா செய்தாலும், அவர்கள் நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், நிறுவனமே மூடப்பட்டாலும், சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். 1936ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த இரண்டு நாள் கெடு முதலாளி நீக்கியவர்களுக்குத்தான் இருந்தது. தானாக விலகியவர்களுக்கு இல்லை. அந்தப் பழைய நினைப்பிலேயே இன்னும் பல அலுவலகங்கள் இருக்கின்றன. ஆகவே கேட்கும்போது பிரிவு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். நிறுவனத்தின் கையெழுத்து தேவைப்படும் எந்த வேலையையும், நீங்கள் இன்னும் உள்ளே இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். பணியாளராக இருக்கும்வரை அலுவலக அறையின் கதவு உங்களுக்குத் திறக்கும். விலகிய மறுநாள் காவலாளி கேட்டிலேயே நிறுத்துவார்.

என்னென்ன வரவேண்டும்

கடைசிச் சம்பளம் என்றால் அந்த மாதம் வேலை செய்த நாட்களுக்கான கூலி மட்டும்தான் என்று நினைத்து, அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் அதிகம். உண்மையில் பல இனங்கள் இருக்கின்றன: வேலை செய்த நாட்களுக்கான ஊதியம், மிகைநேரக் கூலி, எடுக்காத ஈட்டிய விடுப்புக்கான பணம், அந்த ஆண்டின் போனஸில் உங்கள் பங்கு, ஐந்து ஆண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை, அவர்கள் நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தியிருந்தால் நோட்டீஸ் காலச் சம்பளம். வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., இவற்றில் சேராது. அது முதலாளியின் பெட்டியில் இல்லை. உங்கள் கணக்கில் ஏற்கெனவே இருக்க வேண்டிய பணம்.

விடுப்புப் பணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் ஈட்டிய விடுப்பு சேர்கிறது. 240 நாள் வேலை செய்திருந்தால் 12 நாள். அதில் எடுத்தது போக மீதியிருப்பதற்கு ஊதியமாகவே தர வேண்டும். ஆண்டு முடியும் முன்பே வேலையை விட்டாலும், அதுவரை சேர்ந்த விடுப்புக்குப் பணம் உண்டு.

போனஸும் அப்படித்தான். மார்ச்சில் முடியும் கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவருக்குப் போனஸ் உரிமை வந்துவிடும். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள், அதாவது நவம்பர் முடிவதற்குள், கொடுக்க வேண்டும். நீங்கள் அக்டோபரில் விலகினால், ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்குமான போனஸ் அடுத்த ஆண்டுத் தீபாவளிச் சமயத்தில்தான் வரும். அதற்குள் ஊரை விட்டுத் திருப்பூர் போய்விட்டீர்கள் என்றால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் விலகும் கடிதத்திலேயே எழுதி, போனஸையும் அந்தக் கணக்கிலேயே செலுத்தும்படி கேட்டுவிடுங்கள்.

விலகும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

பணி நியமனக் கடிதம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், கொடுக்காமல் போனால் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பலரிடம் அந்தக் கடிதமே இருக்காது. அப்படியானால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு வேறு சான்றுகள் வேண்டும்: சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிப் பாஸ்புக், அடையாள அட்டை, வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் படம், தேயிலைக் கொழுந்து எடை போட்டுக் கொடுத்த சீட்டுகள். மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கம் சுவரே ஒழுகும். டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்த காகிதம் ஜூலைக்குள் ஒட்டிப்போய்விடும். எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.

கூலியை நேரடியாகக் கையில் வாங்குகிறவர்கள் விலகுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தாவது வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேளுங்கள். பிறகு தகராறு வந்தால் பாஸ்புக்கின் ஒரு வரி ஆயிரம் வாய்ப்பேச்சுக்குச் சமம்.

அடுத்து, பி.எஃப். கணக்கைத் திறந்து பாருங்கள். பெயர், பிறந்த தேதி, தந்தை அல்லது கணவர் பெயர் ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா? தோட்டங்களில் இது பெரிய பிரச்சினை. பழைய பேரேட்டில் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. மாரியம்மாள் மாரியாயி ஆகியிருப்பார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் பிறந்த ஆண்டே ஆளுக்கொன்றாக இருக்கும். பழைய கணக்குகளில் இதைத் திருத்துவதற்குத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி பெரும்பாலும் தேவைப்படும். வேலையில் இருக்கும்போது கேட்டால் ஒரு வாரத்து வேலை. விலகிய பிறகு, அதுவும் மனக்கசப்போடு விலகிய பிறகு கேட்டால், அது மாதக்கணக்கில் இழுக்கும்.

மருத்துவப் பதிவேட்டின் நகல், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுதிகளும் பள்ளிகளும் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அவற்றைக் கொடுத்ததற்கு ரசீது வாங்காதவர்கள், இப்போதே ஒரு கடிதம் எழுதி, எந்தெந்தச் சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது என்பதைப் பட்டியலிட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்கிவிடுங்கள்.

விலகல் கடிதம்

வாயால் சொல்லிவிட்டு வந்தது செல்லாது. “வேலைக்கு வராமல் ஓடிப்போனார்” என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் நோட்டீஸ் காலப் பிடித்தத்திலிருந்து கிராஜுவிட்டி வரை எல்லாவற்றிலும் தகராறு கிளம்பும். நீளமான கடிதம் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

“நான் தங்கள் தொழிற்சாலையில் (பிரிவு) பணியில் (சேர்ந்த தேதி) முதல் வேலை செய்து வருகிறேன். சொந்தக் காரணத்தால் (தேதி) மாலையுடன் பணியிலிருந்து விலகுகிறேன். அதுவரைக்குமான ஊதியம், மிகைநேரக் கூலி, எடுக்காத விடுப்புக்கான ஊதியம் ஆகியவற்றை ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவின்படி இரண்டு வேலை நாட்களுக்குள்ளும், கிராஜுவிட்டியை 30 நாட்களுக்குள்ளும், இந்த ஆண்டுக்கான போனஸை உரிய காலத்திலும் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கு விவரத்தை இனம் இனமாக எழுத்தில் தரவும். பி.எஃப். கணக்கில் பணி விலகிய தேதியைப் பதிவு செய்யவும். பணிச் சான்றிதழ் வழங்கவும்.”

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாதாட வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் கடிதத்தின் படத்தையும் அனுப்பலாம். அதுவும் ஒரு சான்று. ஆனால் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள்.

அவர்களே நிறுத்தினால், நிறுத்தியதை எழுத்தில் கேளுங்கள். கடை, ஹோட்டல் போன்ற இடங்களில் நெருக்கடி கொடுத்து ராஜினாமா என்று எழுதி வாங்கும் பழக்கம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது, ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும் என்கிறது. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

கணக்குச் சீட்டைப் படிப்பது

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து விலகிய ஓர் அக்கா கொண்டுவந்து காட்டிய சீட்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள். மேலே பெயர், கீழே “19 நாள் சம்பளம்” என்று ஒரு தொகை, அதற்கும் கீழே “இதரப் பிடித்தம் 4,200”, பிறகு நிகரத் தொகை. ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ‘இதரம்’ என்றால் என்ன என்று எழுதிக் கேட்கச் சொன்னேன். பதில் வந்தது: பண்டிகை முன்பணம் 2,500, சீருடை 900, மின்கட்டணம் 800. அக்காவிடம் பழைய சம்பளச் சீட்டுகள் இருந்தன. அந்தப் பண்டிகை முன்பணம் ஐந்து மாதம் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருந்தது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. 2,500 ரூபாய் திரும்ப வந்தது. சீட்டுகள் இல்லாமலிருந்தால் வந்திருக்காது.

ஆகவே பிடித்தம் என்று எது இருந்தாலும் அதன் பெயர், தேதி, தொகை மூன்றையும் கேளுங்கள். நீங்கள் உண்மையாக வாங்கிய முன்பணத்தைப் பிடிக்கலாம். உங்கள் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்பைப் பிடிக்க வேண்டுமானால், உங்களிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்க முடியும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு சம்பளக் காலத்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

“எனக்குச் சேரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை” என்ற வரியோடு ஒரு தாளை நீட்டுவார்கள். பணம் முழுதும் வராத நிலையில் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரத்துக்குக் கொடுத்ததை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே “ஊதியம் ரூ. இவ்வளவு மட்டும் பெற்றுக்கொண்டேன், கிராஜுவிட்டி, விடுப்புப் பணம், போனஸ் பெறவில்லை” என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களுக்குத் தமிழில் எழுதிய தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவது அநியாயம். பக்கத்து லைனில், அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையில், இருக்கிறவர்கள் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

கிராஜுவிட்டி: பெரிய தொகை, பெரிய தகராறு

பணிக்கொடை என்று சட்டம் சொல்வதை எல்லோரும் கிராஜுவிட்டி என்றே சொல்கிறோம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும், எல்லாத் தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் இது பொருந்தும். ஊட்டியில் தனியார் உறைவிடப் பள்ளிகள் நிறைய இருப்பதால் இதையும் சொல்கிறேன்: தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் உண்டு. 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும் வகையில் 2009இல் கொண்டுவந்த திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்தது.

கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளம்தான் கணக்கு; சேர்ந்த காலத்துச் சம்பளமோ சராசரியோ கிடையாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டுக் காலம் ஒரு முழு ஆண்டாகும்.

ஒரு பேச்சுக்கு, தொழிற்சாலை ஒன்றில் 7 ஆண்டு 8 மாதம் வேலை செய்தவரின் கடைசி அடிப்படையும் பஞ்சப்படியும் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26ஆல் வகுத்தால் 600. பதினைந்து நாளுக்கு 9,000. எட்டு ஆண்டுக்கு 72,000. இதையே 30ஆல் வகுத்தால் 62,400தான் வரும். ஒரு சின்ன எண்ணை மாற்றியதில் 9,600 ரூபாய் போய்விடுகிறது. கணக்குச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த 26. அடுத்து பார்க்க வேண்டியது, 8 என்பதை 7 என்று எழுதியிருக்கிறார்களா என்பது.

நாட்கூலிக்காரர்களுக்கு வகுத்தலே வேண்டாம்: ஒரு நாள் கூலியை 15ஆல் பெருக்கி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். நாளுக்கு 450 ரூபாய் என்று வைத்தால், 22 ஆண்டுக்கு 1,48,500. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குக் கடைசி மூன்று மாதத்துச் சராசரி நாள் கூலியை எடுப்பார்கள். நல்ல கொழுந்துக் காலத்துக்குப் பின் விலகுவதற்கும், உறைபனியில் செடி கருகிக் கிடக்கும் ஜனவரிக்குப் பின் விலகுவதற்கும் இவர்களுக்கு வித்தியாசம் உண்டு. முடிந்தால் தேதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விடுதி வேலையில் வேறொரு வழக்கம். மொத்தம் 16,000 என்று சொல்லிவிட்டு அடிப்படை 5,000, மீதி எல்லாம் படிகள் என்று எழுதுவார்கள். புதிய சட்டத் தொகுப்பில், இத்தகைய படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். இந்த உதாரணத்தில் படிகள் 11,000, பாதி 8,000, தாண்டிய 3,000 அடிப்படையோடு சேர்ந்து 8,000 ரூபாய்க்குக் கிராஜுவிட்டி கணக்கிட வேண்டும்.

‘ஐந்து ஆண்டு ஆகவில்லை’ என்பது அடுத்த தகராறு. ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான ஓராண்டு. சம்பளத்துடன் எடுத்த விடுப்பும், மகப்பேறு விடுப்பும், வேலையில் அடிபட்டு வராத நாட்களும், அவர்களே வேலை இல்லை என்று நிறுத்தி வைத்த நாட்களும் அந்த 240இல் சேரும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கும் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இறந்துபோனாலோ, உடல் முடங்கி வேலை செய்ய முடியாமல் போனாலோ ஐந்து ஆண்டுக் கட்டாயமே இல்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்குப் புதிய தொகுப்பின்படி ஓராண்டே போதும். ‘தற்காலிகம்தானே’ என்பதும் செல்லாது. நிரந்தரம், தற்காலிகம் என்று சட்டம் பிரிக்கவில்லை.

சில இடங்களில் ஆண்டுதோறும் சில நாட்கள் பெயரை நீக்கிவிட்டுப் புதிய ஆளாகச் சேர்த்ததாகப் பதிவு செய்வார்கள். உங்கள் பி.எஃப். பாஸ்புக்கில் சந்தா தொடர்ச்சியாக ஏறியிருந்தால் அந்த வேலை எடுபடாது. ஆகவே அதைப் பதிவிறக்கி வையுங்கள்.

விண்ணப்பம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் வட்டி, 1972 சட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி அறிவிக்கப்பட்டிருந்தது. உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். எந்தக் கடன்காரரும் நீதிமன்றத்தின் மூலம் கிராஜுவிட்டியை ஜப்தி செய்ய முடியாது.

லைன் வீடும் சாவியும்

தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒன்றாகவே போகின்றன. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைப் பணி ஓய்வுக்குப் பின் காலி செய்யச் சொன்னபோது பட்ட வேதனையை இங்குள்ள எல்லோரும் அறிவார்கள். பணி முடிந்தபின் குடியிருப்பில் தொடர்ந்து இருந்தால், தோட்டம் வாடகை கேட்கலாம், கிராஜுவிட்டியை நிறுத்தி வைக்கப் பார்க்கலாம். இதில் நீதிமன்றங்கள் முதலாளிகள் பக்கம் நின்ற தீர்ப்புகளும் இருப்பதால், விஷயத்தை அசட்டையாக விட வேண்டாம்.

என் யோசனை: விலகல் கடிதத்திலேயே வீட்டை எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பீர்கள் என்று எழுதிவிடுங்கள். பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் வேண்டுமானால் அதையும் அப்போதே கேளுங்கள். குழந்தைகள் படிப்பைக் காரணம் காட்டி எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒப்படைக்கும் நாளில் மின் மீட்டரின் எண்ணைப் படம் எடுங்கள். கதவு, ஜன்னல், கூரைத் தகடு, அடுப்பு மேடை ஆகியவை இருக்கும் நிலையையும் எடுங்கள். சாவியைக் கொடுக்கும்போது “இன்ன எண்ணுள்ள வீடு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது” என்று ரசீது வாங்குங்கள். கத்தரி, கூடை, மழைக்கோட்டு, கம்பளி என எதைத் திரும்பக் கொடுத்தாலும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு ‘இதரப் பிடித்தம்’ முளைப்பது பெரும்பாலும் இந்தச் சாமான்களிலிருந்துதான்.

பி.எஃப்.

9966044425 என்ற எண்ணுக்குப் பதிவு செய்த கைபேசியிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு தெரியும். உங்கள் சம்பளத்தில் பிடித்த தொகை உண்மையிலேயே செலுத்தப்பட்டிருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். பிடித்துவிட்டுச் செலுத்தாமல் இருப்பது குற்றம்.

வேறு வேலையில் சேர்ந்தால் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வரிப் பிடித்தம் உண்டு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் ஓய்வூதியம். பத்து ஆண்டுப் பங்களிப்பு இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். ஆறு ஆண்டு இங்கே, ஐந்து ஆண்டு அங்கே என்று வேலை செய்து, ஒவ்வொரு முறையும் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டவர், கடைசியில் ஓய்வூதியம் இல்லாமல் நிற்கிறார். பத்து ஆண்டு நிறையாதவர்கள் 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். அந்தப் பணிக்காலம் பிறகு சேரும் வேலையோடு கூட்டப்படும். முழுதாக முடித்துக்கொள்கிறவர்களுக்குப் படிவம் 19, ஓய்வூதியத்துக்கு 10டி.

விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் ஆதார் எண்ணோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) மூலம் பதிவு செய்யலாம். இதற்கு ஆதாருடன் இணைந்த கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்கியதும் சிம்மை மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி பி.எஃப். அதிகாரிகள் மாவட்டந்தோறும் நடத்தும் குறைதீர் முகாமிலும் நேரில் சொல்லலாம்.

கொடுக்காவிட்டால்

முதலில் ஒரு நினைவூட்டுக் கடிதம். விலகிய தேதி, வரவேண்டிய இனங்கள், உங்கள் கணக்குப்படி தொகை, ஏழு நாள் அவகாசம். அதுவும் ஸ்பீட் போஸ்டில். தொழிற்சங்கத்தில் இருந்தால் அதே நாளில் சங்கத்திடமும் ஒரு நகல் கொடுங்கள். சங்கச் செயலாளர் ஒரு போன் செய்தாலே முடிந்துவிடும் தகராறுகள் உண்டு.

அடுத்தது, குன்னூரில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். ஊதியம், கிராஜுவிட்டி இரண்டையும் தனித்தனி மனுவாகக் கொடுங்கள். ஒரே தாளில் எல்லாவற்றையும் கலந்து எழுதினால் விசாரணை குழம்பும். கேரளத்திலும் தோட்டம் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் கிராஜுவிட்டி வழக்கு மத்திய அரசின் தொழிலாளர் அதிகாரியிடம் போகும். குன்னூரிலேயே கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். ஊதியக் கோரிக்கைக்குப் புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. முன்பு ஓராண்டுதான் இருந்தது. அவகாசம் கூடியதற்காகக் காத்திருக்க வேண்டாம். காலம் போகப் போகச் சாட்சி சொல்கிறவர்கள் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒப்பந்தக்காரர் மூலம் காவல், துப்புரவு வேலைகளில் சேர்ந்தவர்கள் மனுவில் ஒப்பந்தக்காரரோடு முதன்மை நிறுவனத்தின், அதாவது நீங்கள் யாருடைய இடத்தில் வேலை செய்தீர்களோ அவர்களின், பெயரையும் சேர்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் போனால் அதைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்று யாரும் நிற்க வேண்டியதில்லை. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், தொழில் நிறுவனத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்திருக்கிறது. ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவும் கடைசியில் தொழிலாளர் துறைக்குத்தான் போகும். ஆனாலும் ஆட்சியர் அலுவலக முத்திரையோடு போகும் மனுவுக்குப் பதில் வரும் வேகம் வேறு.

விசாரணைக்குக் கூப்பிட்டால் அசல் காகிதங்களைக் காட்டுவதற்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். கொடுப்பதெல்லாம் நகலாக இருக்கட்டும். நிறுவனத் தரப்பு வராமல் ஒத்திவைத்தால், நீங்கள் வந்திருந்ததைப் பதிவு செய்யச் சொல்லி, அடுத்த தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பந்தலூர், கூடலூர்ப் பக்கத்திலிருந்து நடுவட்டம் வழியாக ஏறி, ஊட்டியில் பஸ் மாறி, குன்னூர் இறங்குகிறவர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம் என்பதை அதிகாரியிடம் சொல்லிப் பிற்பகல் நேரம் கேளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபட்டுப் போக முடியாமல் போனால், அன்றைக்கே அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு கடிதமும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் மனுதாரர் வரவில்லை என்று மனுவை முடித்துவிடக் கூடும்.